உடுப்பு மூட்டையும் கொடைமடமும்

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் ஒரு மாரிக்காலம். வெள்ளம் வடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஊர் மண்டபத்து வாசலில் ஒரு லொறி வந்து நின்று, உரப்பைகளை இறக்கிவிட்டுப் போனது. எல்லாம் உடுப்பு. பிரித்து அடுக்க நாலைந்து பேர் சேர்ந்தோம். முதல் பையின் வாயை அவிழ்த்ததும் கையில் வந்தது ஒரு குளிர்க்கோட்டு. பனி கொட்டும் நாட்டுக்கென்று கழுத்தைச் சுற்றி மயிர் வைத்துத் தைத்தது. அதற்குக் கீழே சோடியில்லாத காலுறைகள், பொத்தான் எல்லாம் போன சேட்டுகள், சிப் உடைந்த சிறுமிச் சட்டைகள், பந்தியில் குழம்பு கொட்டிய கறையோடு மடித்து வைத்த பட்டுச்சீலை. அடியில், யாரோ உடுத்திக் கழித்த உள்ளாடைகள். ஈரம் காயமுன் கட்டிய பை போல. திறந்ததுமே பூஞ்சணம் மணத்தது.

வாசலில் ஓர் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவாடு காயப்போடுகிறவர். அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம் ஏறி இறங்கியிருந்தது. மூன்று பைகள் பிரிக்கும் வரைக்கும் ஒன்றையும் தொடவில்லை. நாலாவது பையை அவிழ்க்கும்போது மெல்லக் கேட்டார்: "தம்பி, முழுக்கைச் சேட்டு ஏதும் கிடக்கா?"

ஆம்பிளைச் சேட்டு அவருக்கு எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். உச்சி வெயிலில் மணலில் குந்தியிருந்து மீனைக் கீறி, உப்புப் போட்டு, விரித்து, பிரட்டுகிற பெண்கள் சீலைக்கோ சட்டைக்கோ மேலே ஒரு பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொள்வார்கள். வெயில் தோலை எரிக்காது, உப்புநீர் கையில் காயாது, உள்ளே உடுத்தியிருப்பதும் பழுதாகாது. பருத்தியாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் பொத்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கேள்வி. அத்தனை பைகளுக்குள்ளும் அப்படி ஒன்று தேறவில்லை.

பழைய உடுப்பைத் தானம் செய்வது பற்றி நான் படித்ததையும் பார்த்ததையும் எல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இப்போது நிறுத்துப் பார்க்கிறேன்.

நம்முடைய மரபிலேயே இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒன்றை எல்லாரும் அறிவோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன், மழைக்காலத்து மலைச்சாரலில் மயில் ஆடக் கண்டு, குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை உடுத்தவும் தெரியாது, போர்த்தவும் தெரியாது. பெறுகிறவருக்குப் பயன்படுமா என்று ஆராயாமல், உள்ளம் நெகிழ்ந்த கணத்திலேயே கொடுத்துவிடுவதைப் பழந்தமிழர் கொடைமடம் என்றார்கள். மடம் என்றால் அறியாமை. ஆனால் அந்த அறியாமையை அவர்கள் பழிக்கவில்லை; புகழாகவே பாடினார்கள்.

மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் ஒரு பொருநன் போகிறான். அவன் உடுத்தியிருப்பது வேர்வையில் ஊறி, பேனும் ஈரும் குடியேறி, வேற்று நூலால் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் முதலில் அந்தக் கந்தலைக் கவனிக்கிறான். அதைக் களையச் செய்து, இழை தெரியாத மெல்லிய, பூவேலை செய்த ஆடையைக் கொடுக்கிறான். வந்தவனுடைய உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுத்த கொடை அது. எதிரே நிற்பவரைப் பார்த்துக் கொடுப்பதையும், தன் நெஞ்சு நெகிழ்ந்ததற்காகக் கொடுப்பதையும் தமிழர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நமக்குப் பேகனின் பெயர் நின்றது, கரிகாலனின் பார்வை நிற்கவில்லை. என் வருத்தம் அதுதான்.

மயிலுக்குப் போர்த்திய போர்வையால் மயிலுக்குக் கேடில்லை. ஆராயாமல் அனுப்பும் உடுப்பு மூட்டை அப்படியல்ல. அது இடத்தை அடைக்கும், ஆட்களின் நேரத்தைத் தின்னும், பெறுகிறவரைக் கூனிக்குறுக வைக்கும், கடைசியில் குப்பையாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்தது இதற்குப் பெரிய சான்று. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தமிழ்நாடு முழுவதிலிருந்தும், அதற்கப்பாலிருந்தும் லொறி லொறியாகப் பழந்துணி வந்து குவிந்தது. கொண்டுவந்தவர்கள் நல்ல மனிதர்கள். இரவோடிரவாக வீடுவீடாகத் திரட்டி, வண்டி பிடித்து, சோறு தண்ணி பாராமல் வந்தவர்கள். ஆனால் கரையோர ஊர் மக்கள் அந்தத் துணியைத் தொடவில்லை. வாங்க ஆளில்லாமல் வீதியோரமெங்கும் துணி மலையாகக் கிடந்தது. வெயிலிலும் பனியிலும் மட்கியது. இறந்தோரைத் தேடி அடக்கும் வேலைக்கு நடுவே அந்தத் துணியை அள்ளவும் ஆள் தேட வேண்டியிருந்தது.

ஏன் தொடவில்லை? 'எல்லாம் இழந்தும் திமிர் போகவில்லை' என்று அப்போது சிலர் சொன்னது எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னவர்களுக்குக் கரையோரத்தைத் தெரியாது. கடலோடிக் குடும்பம் இரந்து வாழ்ந்த குடும்பமல்ல. நல்ல மீன்பாடு வந்தால் கைநிறையக் காசு வரும், வராவிட்டால் கடன் வரும். ஆனாலும் பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்காத வீடு இருக்காது. அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. தமிழ்ச் சமூகத்தில் பழந்துணி சும்மா கைமாறுவதில்லை. நூற்றாண்டுகளாக அது மேலிருந்து கீழேதான் இறங்கியது. ஊழியம் செய்த சாதிகளுக்குப் பழஞ்சோறும் பழந்துணியும் கூலியின் ஒரு பங்காகக் கொடுக்கப்பட்டன. அதை வாங்கிக்கொள்வது தன் கீழ்நிலையை ஒப்புக்கொள்வதாக ஆனது. அந்த நினைவு இன்னும் துணியில் ஒட்டியிருக்கிறது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற ஒரு தாயிடம் பிறர் கட்டிக் களைந்த சீலையை நீட்டும்போது, நீட்டுகிறவர் நினைக்காத ஒன்றையும் அந்தச் சீலை சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு, நம் ஊர்களில் இறந்தவரின் உடுப்பைப் பெரும்பாலும் வீட்டில் வைத்திருப்பதில்லை. முகந்தெரியாதவரின் உடுப்பு யாருடையது, அவர் இருக்கிறாரா இல்லையா என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

நாகப்பட்டினத்துக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸைச் சிதைத்தபோது, அவசரப் பொருள் கொண்டுவந்த விமானம் ஒன்று இறங்க முடியாமல் ஓடுபாதையைப் பழந்துணி மூட்டைகள் அடைத்துக் கிடந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியக் கடற்கரையிலும் துணிமலை அழுகி, கடைசியில் எரிக்கப்பட்டது. பேரிடர்த் துறையில் வேலை செய்கிறவர்கள் இதை இரண்டாம் பேரிடர் என்றே அழைக்கிறார்கள். நிவாரணப் பணிக்கென்று உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு உடுப்பைப் பற்றிச் சொல்வது மிகச் சுருக்கம்: ஓர் ஆளுக்குக் குறைந்தது இரண்டு முழுச் சோடி உடுப்பு, சரியான அளவில், அவரவர் பண்பாட்டுக்கும் காலநிலைக்கும் பொருந்துவதாக. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அந்தக் கணக்கு விளங்கினால், ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை தேவைப்படாது, பொருத்தமான எட்டோ பத்தோ சோடிகளே தேவைப்படும் என்பதும் விளங்கிவிடும்.

மன்னாருக்கு ஆழிப்பேரலையில் பெரிய சேதம் இல்லை. ஆனால் மாற்று உடுப்பில்லாமல் நிற்பது என்றால் என்ன என்பதை இந்தத் தீவு வேறு வழிகளில் அறிந்தது. 1964 டிசம்பர் புயல் தலைமன்னாரையும் எதிர்க்கரைத் தனுஷ்கோடியையும் ஒரே இரவில் அடித்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, படகேறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் மன்னார்க்காரர் ஏராளம். நனைந்த உடுப்போடு இறங்கினோம் என்பதுதான் அந்தக் கதைகளின் முதல் வரியாக இருக்கும். அதே ஆண்டு ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி உட்பட இத்தீவின் முஸ்லிம் மக்கள் முழுவதுமாக விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சில பைகளில் அடங்கிய உடுப்பும் கொஞ்சக் காசும்தான் கொண்டுபோக விட்டார்கள். கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் ஏறியவர்களுக்கு அங்கிருந்த ஏழை ஊர்களே உண்ணவும் உடுக்கவும் கொடுத்தன. போர் முடிந்த 2009இல் மன்னாரிலிருந்து மதவாச்சி போகும் வீதிக்கு அருகே, செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் இருந்தார்கள். உடுத்ததோடு வந்தவர்கள்.

இந்த நினைவுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததில் ஒன்றைக் கவனித்தேன். யார் என்ன சோறு கொடுத்தார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. யார் என்ன உடுப்புக் கொடுத்தார்கள் என்பது நிறம், கரை, பூ முதலாக நினைவிருக்கிறது. சோறு உள்ளே போய்விடும். உடுப்பு அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், பிறர் பார்க்க உடம்பின் மேல் இருக்கும். இது நிவாரணத்தில் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் போதும். அதனால்தான் உடுப்பைச் சோறு போலவோ தண்ணீர் போலவோ பொதுவாக அள்ளிக் கொடுக்க முடியாது என்கிறேன்.

பெட்டியில் போட்டால் நேரே ஏழையின் உடம்புக்குப் போய்ச் சேரும் என்றுதான் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலரும் நம்புகிறார்கள். இலண்டனிலோ டொரொன்டோவிலோ தானப்பெட்டியில் விழும் உடுப்பில் ஒரு பங்கே அந்த ஊர்க் கடைகளில் விலைபோகும். மிச்சம் வகைபிரித்து, அழுத்திக் கட்டி, கிலோக் கணக்கில் விற்கப்பட்டுக் கப்பலேறும். கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கண்டமண்டோ சந்தை இந்தப் பயணத்தின் பெயர்பெற்ற துறைமுகம். வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் அங்கே வந்து சேர்வதாகவும், அவற்றில் நூற்றுக்கு நாற்பது விற்க முடியாத குப்பை என்றும் அங்கு ஆய்வு செய்யும் 'தி ஓர் பவுண்டேஷன்' என்ற அமைப்பு சொல்கிறது. இல்லை, குப்பை நூற்றுக்கு ஐந்துக்குள்தான் என்று சந்தை வியாபாரிகளின் சங்கம் மறுக்கிறது. இந்தச் சண்டையில் எண்ணை யார் சரியாகச் சொல்கிறார்கள் என்பதைவிட, மூட்டையைப் பிரிக்கும் பெண்ணின் நிலை எனக்கு முக்கியம். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே அவர் கடன்பட்டு மூட்டையை வாங்குகிறார். அனுப்பியவர் கிழிந்ததைப் போட்டிருந்தால் நட்டம் அவருடையது. 2025 பிறந்த முதல் இரவுகளில் அந்தச் சந்தையின் பெரும் பகுதி தீயில் எரிந்து, ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பும் சேர்ந்து எரிந்தது.

இதற்கு இன்னொரு முகம் உள்ளூர்த் தையல்தொழில். 1981 முதல் 2000 வரை ஆபிரிக்காவில் ஆடை உற்பத்தி வீழ்ந்ததில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்குக்குப் பழைய உடுப்பு இறக்குமதி காரணம் என்று கார்த் பிரேசர் என்ற பொருளியலாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். மலிவான புதுத்துணி இறக்குமதியும் சேர்ந்து அடித்தது என்போரும் உண்டு, அதுவும் உண்மை. ருவாண்டா 2016இல் பழைய உடுப்புக்கான வரியைக் கிலோவுக்கு 20 சதத்திலிருந்து இரண்டரை டொலராக உயர்த்தியது. எங்கள் மக்கள் பிறர் களைந்ததை உடுத்த வேண்டாம் என்பதே அந்த அரசின் பேச்சு. அமெரிக்காவிலிருந்து வரும் பழந்துணி வியாபாரம் அதனால் அடிபட, 2018இல் ருவாண்டா ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. தானம் என்ற பெயரில் தொடங்குகிற பொருளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரம் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தியாவில் பானிப்பட் நகரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. மேற்கு நாடுகளின் கம்பளி உடுப்புகள் மறுபடி உடுத்த முடியாதபடி வெட்டப்பட்டு அங்கே வருகின்றன. பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தானும் சிப்பும் நீக்கி, நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிறகு அவற்றைக் கிழித்து, பிய்த்து, மறுபடி நூலாக்கி, கம்பளிப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர்களில் நிவாரணமாகக் கொடுக்கப்படும் மலிவுக் கம்பளிப் போர்வைகளில் பெரும் பங்கு நெடுங்காலமாக அங்கிருந்தே போனது. தாழ்வுபாட்டு மண்டபத்தில் என் கையில் வந்த மயிர்க்கழுத்துக் கோட்டு பானிப்பட்டுக்குப் போயிருந்தால் ஒரு பிள்ளையைப் போர்த்தியிருக்கும். எங்களிடம் வந்ததால் அது மூலையில் கிடந்து எலிக்குப் படுக்கையானது.

இலங்கையின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கியதிலிருந்து உலகத்துக்கு உடுப்புத் தைக்கிற நாடு இது. ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில் ஆடைகளிலிருந்தே வருகிறது. தைத்து மிஞ்சியதும், சிறு பழுதால் ஒதுக்கப்பட்டதும் மகரகமவுக்கு அருகே பமுனுவச் சந்தையில் மலிவு விலைக்குக் கிடைக்கும். அங்கிருந்து சிறு வியாபாரிகள் மூலம் வடக்குக்கும் வரும். அதாவது, இந்த நாட்டிலேயே தைத்த சேட்டு இலண்டனுக்குக் கப்பலேறி, அங்கே நாலு தரம் உடுத்தப்பட்டு, நம்மவர் ஒருவர் கட்டிய பெட்டியில் மறுபடி கப்பலேறி மன்னாருக்கு வரக்கூடும். அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் கப்பல் கூலியை மன்னார் நகரத்தில் ஒரு பிடவைக்கடையில் கொடுத்தால், புதுச் சாரமும் துவாயும் பள்ளிச் சட்டையும் வரும். கடைக்காரருக்கும் வியாபாரம், தையல்காரருக்கும் கூலி.

அப்படியென்றால் உடுப்பே கொடுக்க வேண்டாம், காசு கொடுங்கள் என்று முடித்துவிடலாமா? நிவாரணத்தில் அனுபவம் உள்ள பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்; பேரிடர் நேரத்துக்கு அது சரி. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும், முதல் கிழமையில் தேவைப்பட்டது புது உள்ளாடை, துவாய், பாய், போர்வை, பெண்களுக்கு மாதவிடாய்த் துணி. இவற்றைப் பழையதாகக் கொடுக்கவே முடியாது. இருபது வீட்டுக் கொடியிலிருந்து திரட்டுவதைவிட ஒரு கடையிலிருந்து வாங்குவது விரைவு, சுத்தம், கௌரவம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் பேரிடர் இல்லாத மற்ற நாட்களிலும் வறுமை இருக்கிறது, அலுமாரிகளில் நல்ல உடுப்பும் இருக்கிறது. நன்றாக உழைக்கக்கூடிய ஒரு பருத்திச் சேட்டைக் குப்பையில் போடுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

டில்லியில் அன்ஷு குப்தா 1999இல் தன் வீட்டு உடுப்பில் 67 உருப்படிகளை வைத்துத் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அவற்றில் முதன்மையானது. நாகப்பட்டினத்தில் மக்கள் தொடாமல் கிடந்த துணிக் குவியலைப் பிரித்து, கழுவி, தகுந்த இடங்களுக்குச் சேர்க்கும் பாரத்தை ஏற்றவர்கள் அவர்கள். அங்கிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது பெரிது. ஓர் ஊர் தனக்கு வேண்டிய கிணற்றையோ வீதியையோ தானே பேசி முடிவுசெய்து, தானே உழைத்து அமைக்கிறது. அந்த உழைப்புக்கு மதிப்பாக உடுப்பு வழங்கப்படுகிறது. வாங்குகிறவர் கையேந்தவில்லை, உழைத்துப் பெறுகிறார். உடுத்த முடியாத பருத்தித் துணியைக் கழுவி வெட்டி மாதவிடாய்த் துணியாகத் தைக்கிறார்கள். 2015இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. வேலைக்குத் துணி என்பது பழைய கூலிமுறையை நினைவூட்டாதா என்று என்னிடமே கேட்டுக்கொண்டதுண்டு. அங்கே எந்த வேலை என்பதை ஊர் முடிவுசெய்கிறது, முடிந்த வேலையும் ஊருக்கே சொந்தமாகிறது. அந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அன்புச்சுவர் என்று ஒன்று தொடங்கினார்கள். ஈரானில் 2015 அளவில் பரவிய யோசனையின் தமிழ் வடிவம். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். கொடுப்பவரும் எடுப்பவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தினமும் மடித்து, கழித்து, துடைத்து வைக்காத சுவர் விரைவில் குப்பைமேடாகும். இதில் எல்லாமே அந்த ஒருவரின் உழைப்பைப் பொறுத்தது.

ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை என்ற வேறுபாடே தெரியாமல் கொடுக்க முடியும் என்பதற்கு இலங்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1993 முதல் அரசாங்கம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. எல்லாருக்கும் ஒரே சீருடை, எல்லாருக்கும் புதிது. தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டமும் அப்படித்தான்: பெறுகிறவருக்குக் கோடித்துணி, நெய்கிறவருக்கு வேலை.

எங்கள் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் யாரும் திட்டம் என்று பெயர் வைக்காத வழக்கம் ஒன்று இருக்கிறது. முதல் நன்மைக்கு ஒரு பிள்ளைக்கு எடுத்த வெள்ளைக் கவுன் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. அடுத்த வருடம் தங்கைக்கு, பிறகு சித்தி மகளுக்கு, பிறகு அயல்வீட்டுப் பிள்ளைக்குப் போகும். இடுப்பைப் பிடித்து, நீளத்தை இறக்கி, பழைய லேசைப் பிரித்துப் புது லேசு வைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். ஐந்தாவது பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பீடத்தின் முன் நிற்கும்போது அது பழைய உடுப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஏணை கட்டப் பழைய நூல்சீலை வேண்டுமென்று உறவுக்குள் கேட்டு வாங்குவதும் இப்படித்தான். புதுச்சீலை குழந்தையின் தோலுக்கு முரடு. பலமுறை தோய்த்துத் தோய்த்து மென்மையான சீலையே வேண்டும்; கட்டியவரின் கைராசியும் பார்ப்பார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கையில் பழந்துணிக்கே மதிப்புக் கூடுகிறது.

மார்ட்டின் என்ற புனிதரின் கதையைச் சின்ன வயதில் மறைக்கல்வியில் கேட்டிருக்கிறேன். நாலாம் நூற்றாண்டில், அமியான் நகர வாசலில், குளிரில் நடுங்கிய ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்தவர். அவருடைய திருநாள் நவம்பர் 11. மன்னாரில் வாடைக்காற்றும் மாரியும் தொடங்கும் காலம். அவர் கொடுத்தது தனக்கு வேண்டாததை இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. தான் அந்த நேரம் போர்த்தியிருந்ததில் பாதியை, அந்த நேரம் குளிரில் இருந்தவருக்குக் கொடுத்தார். பங்குகளில் இயங்கும் வின்சன்ட் டி போல் சபையினர் வீடு வீடாகப் போய்ப் பார்த்த பிறகே உதவுவது என்ற முறையை 1833இல் பாரிஸில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருக்கிறார்கள். உடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. எந்த வீட்டில் எந்த அளவுப் பிள்ளை இருக்கிறது, யாருக்குச் சாரம் வேண்டும், யார் பிள்ளைத்தாச்சி என்பது அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து பேசினவருக்குத்தான் தெரியும்.

மூட்டை கட்ட உட்காருகிறவருக்குச் சொல்ல என்னிடம் உள்ளது மிகச் சின்ன விஷயங்கள். முதலில் கேளுங்கள். எந்த ஊருக்கு அனுப்புகிறீர்களோ அந்த ஊரில் ஒருவரிடம், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அலுமாரியைத் திறவுங்கள். மன்னாரின் உப்புக் காற்றுக்கும் வேர்வைக்கும் பொலியெஸ்டர் ஒத்துவராது. பருத்தியைத் தேடி எடுங்கள். தோய்த்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே மடியுங்கள். சிரங்கு உண்டாக்கும் பூச்சி உடம்பை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர்வாழாது. ஆகையால் காய்ந்த உடுப்பைக் கட்டி நாலு நாள் வைத்துவிட்டு அனுப்பினால் அந்தப் பயமும் இல்லை. போன பொத்தானைத் தைத்து விடுங்கள். ஊசி நூல் எடுக்க உங்களுக்கே சோம்பலாக இருந்தால், வெள்ளத்தில் ஊசிப்பெட்டியையும் இழந்தவர் எப்படித் தைப்பார்? பையைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும்படி வெளியே எழுதுங்கள்: ஆண், பெண், வயது, எண்ணிக்கை. மண்டபத்தில் நாங்கள் பாதிப் பகலைத் தொலைத்தது அந்த ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால்தான்.

கிழிந்தது, கறைபட்டது, இழுபட்டது எவருக்கும் போகக் கூடாது. அது உங்கள் வீட்டிலேயே முடிய வேண்டும். கால்மிதி, கைபிடி துணி, படகு என்ஜின் துடைக்கும் துண்டு என்று பழம்பருத்திக்கு வேலை தீராது. பொலியெஸ்டர் உடுப்பைக் கடற்கரையில் போட்டு எரிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அது சாம்பலாவதில்லை, உருகிக் கறுத்த கட்டியாக மணலில் இறுகி, அடுத்த அலையில் கடலுக்குள் போகும். கரைவலை இழுக்கிறவர்களின் வலைமடியில் மீனோடு ஒரு பழைய உடுப்பும் ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதை வலையின் கண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் விரல்களையும் பார்த்திருக்கிறேன்.

கொடுப்பவர் மனம் புண்படுமே என்று பெறுகிறவர்கள் வாய் திறக்காமல் இருப்பதும் இந்தக் கேட்டை வளர்க்கிறது. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும். அதைக் கேட்டுச் சினக்காத பக்குவம் நமக்கு வேண்டும். நிவாரணம் பகிர்வோர் பட்டியலிலிருந்து தங்கள் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் தேவையில்லாத மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அதை வேலிக்கு மேலே விரித்துப் போட்டார்கள். வந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

அடுத்து வந்த மாரியில் மண்டபத்தில் முறையை மாற்றினோம். வந்த பைகளை ஊராருக்கு முன்னால் பிரிக்கவில்லை. முதல்நாள் இரவே பிரித்து, கழித்து, தோய்க்க வேண்டியதைத் தோய்த்தோம். நைலோன் கயிறு நாலு கட்டி, கடையில் தொங்குவது போல அளவு அளவாகத் தொங்கவிட்டோம். வரிசை இல்லை, பெயர் வாசிப்பு இல்லை, படம் எடுக்கவில்லை. பெண்கள் வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், ஒன்றை எடுத்து மற்றதை வைத்தார்கள். ஒருத்தி மற்றவளுடைய தோளில் வைத்து நீளம் பார்த்தாள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. முந்திய வருடம் அந்த மண்டபத்தில் எவரும் சிரிக்கவில்லை.

கருவாட்டு அக்காவும் வந்தார். மூன்றாவது கயிற்றில் நீலக்கோடு போட்ட பருத்திச் சேட்டு ஒன்று, முழுக்கை. அதைக் கழற்றி எடுத்து, கொலரைப் புரட்டிப் பார்த்தார். கக்கத்துத் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். முன்பக்கத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, மணிக்கட்டில் நின்றார். இரண்டு கையிலும் பொத்தான் இருந்தது. ஒன்று மற்றதைப் போலில்லை, வேறு சேட்டிலிருந்து எடுத்து யாரோ புதிதாகத் தைத்துவிட்ட பொத்தான். நூல் சுற்று இறுக்கமாக இருந்தது. அதைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, சேட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.